நீங்கள் அனுப்பிய செய்தியை வீட்டில் யார் படித்தார்கள்?

ஆலோசகர்:

எச்.ஐ.வி. சிகிச்சை மையம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். போன் வழியாக நடந்த நல்லது கெட்டது எதுவானாலும் நீங்களும் எழுதுங்கள். முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை வாங்க வரும் தேதியைத் தவறவிட்டவர்களுக்கு, "ஏஆர்டி மாத்திரை வாங்க நீங்கள் வரவில்லை" என்று குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தோம். ஏஆர்டி என்பது எச்.ஐ.வி. வைரஸைக் கட்டுப்படுத்தும் சிகிச்சை. ஒரு பெண்ணின் போன் வீட்டுக்கே பொதுவானது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. செய்தியை முதலில் படித்தது அவருடைய கணவரின் தம்பி. மறுநாள் அந்தப் பெண் கூப்பிட்டு, "மேடம், இனிமேல் இந்த நம்பருக்கு எதுவும் அனுப்பாதீங்க" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார். அதன்பின் இரண்டு மாதம் வரவே இல்லை.

திரும்பி வந்தபோது முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, போன் யார் கையில் இருக்கும், எந்த நேரத்தில் பேசலாம், வேறு யாராவது எடுத்தால் நான் யாரென்று சொல்ல வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். என்ன வார்த்தையில் செய்தி வர வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்தார். "நாளை வகுப்பு உண்டு" என்று அனுப்பினால் மாத்திரை நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது யாருடைய நம்பரை எழுதினாலும் இதையெல்லாம் கேட்காமல் எழுதுவதில்லை.

மாத்திரை எடுத்துக்கொள்பவர்:

எனக்கு இரவு ஒன்பது மணிக்கு அலாரம். முதல் சில மாதங்கள் உதவியது. அப்புறம் கை தானாக அதை அணைக்கப் பழகிவிட்டது. மாத்திரை போட்டேனா இல்லையா என்பதே சந்தேகமாகிவிடும்.

என்னைக் காப்பாற்றியது வாரம் ஒரு முறை நர்ஸ் அனுப்பிய "எப்படி இருக்கீங்க?" என்ற செய்திதான். நானும் "சரி" என்று பதில் போடுவேன். ஒரு வாரம் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டுவிட்டார். அப்போதுதான் வாயைத் திறந்தேன். எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து சேர்ந்த மாத்திரையால் இரவெல்லாம் பயங்கரக் கனவு, தூக்கமே இல்லை. யாரிடமும் சொல்லாமல் நிறுத்தியிருந்தேன். அவர் திட்டவில்லை. "நீங்களாக நிறுத்தினால் வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிவிடலாம், உடனே வாங்க" என்றார். மருத்துவர் பரிசோதித்துவிட்டு டோலுடெக்ராவிர் என்ற வேறு மருந்து உள்ள மாத்திரைக்கு மாற்றினார். இப்போது என் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்றாது என்பதையும் அந்த நர்ஸ்தான் போனில் பொறுமையாக விளக்கினார். அன்று நெடுநேரம் அழுதேன்.

செவிலியர்:

மேலே உள்ளவர் எழுதியதைப் படித்ததும் கென்யாவில் நடந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது. 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது, 538 பேர் கலந்துகொண்டார்கள். வாரம் ஒரு முறை "மாம்போ?" என்று ஒரே ஒரு சுவாஹிலி வார்த்தை போகும், எப்படி இருக்கீங்க என்று பொருள். நன்றாக இருந்தால் "சாவா", சிக்கல் என்றால் "ஷிடா" என்று 48 மணி நேரத்துக்குள் பதில் வர வேண்டும். சிக்கல் என்றவர்களையும் பதில் போடாதவர்களையும் மருத்துவப் பணியாளர் கூப்பிட்டுப் பேசினார். செய்தி பெற்றவர்களில் 57 சதவீதத்தினருக்கு வைரஸ் கட்டுப்பட்டது, பெறாதவர்களில் 48 சதவீதத்தினருக்கு. எச்.ஐ.வி. என்ற சொல்லே அந்தச் செய்தியில் கிடையாது.

தென்னிந்தியாவில் 631 பேர் கலந்துகொண்ட இன்னொரு ஆய்வில், பாதிப் பேருக்குத் தானியங்கிக் குரல் அழைப்பையும் படச் செய்தியையும் வாராவாரம் அனுப்பிப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வந்தபோது, சிகிச்சை தோற்றுப்போவதில் அவற்றைப் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மறுமுனையில் ஒரு மனிதர் காத்திருக்கிறாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு ஆள் வேண்டும். ஒரே நர்ஸ் எத்தனை பேரைக் கூப்பிட முடியும்?

ஆலோசகர்:

உண்மைதான், ஆள் பற்றாக்குறை இங்கேயும் உண்டு. பதில் வராதவர்களை மட்டும் முதலில் கூப்பிடுகிறேன். வாட்ஸ்அப் குழு தொடங்கலாம் என்று சிலர் சொன்னார்கள். ஒருவர் நம்பர் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். போன வாரம் நான் அனுப்பத் தாமதமாகிவிட்டது. அவரே கேட்டிருந்தார்: "மேடம், வகுப்பு எப்போ?"