லாரியேட்டும் பிரியாணி இலையும்

தீபா: நாளைக்கு வகுப்பில் சி.வி.ராமன் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். ‘நோபல் லாரியேட்’ என்பதில் லாரியேட்டுக்குத் தமிழில் என்ன?

குமார் மாமா: லாரி வைத்திருப்பவர் 😄

ரமா சித்தி: பிள்ளை படிப்பு விஷயம் கேட்கிறாள், இவர் வேறு. பரிசு பெற்றவர் என்று எழுதிக்கொள் கண்ணு.

தீபா: அது ‘வின்னர்’ ஆச்சே சித்தி?

பெரியப்பா: சரியாகக் கேட்டாய். லத்தீனில் லாரஸ் என்பது ஒரு மரம், ஆங்கிலத்தில் லாரல். அதன் இலையால் கட்டிய வளையத்தைத் தலையில் சூடியவர் லாரியேட். கிரேக்கத்தில், டெல்ஃபியில் அப்போலோ தேவனுக்காக நடந்த போட்டிகளில் ஜெயித்தால் இந்த இலைமுடிதான் பரிசு. ஒலிம்பிக்கில் கொடுத்தது ஆலிவ், குழப்பிக்கொள்ளாதே. ரோமில் தளபதிகள் இதைச் சூடித்தான் வெற்றி ஊர்வலம் வந்தார்கள்.

தீபா: ராமன் சண்டை போடவில்லையே பெரியப்பா!

பெரியப்பா: பொறு, வருகிறேன். 1341-இல் பெட்ரார்க் என்ற கவிஞருக்கு ரோமில் அதே முடியைச் சூட்டினார்கள். இங்கிலாந்தில் 1668-இல் டிரைடன் ‘பொயட் லாரியேட்’ ஆனார். நமக்கு நாமக்கல் கவிஞர் அரசவைக் கவிஞராக இருந்தாரே, அது மாதிரி. 1901-இல் நோபல் பரிசு வந்தது. இப்போது இலை இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ரமா சித்தி: (படம்) அந்த இலை இதுவா? பிரியாணிக்கு எடுத்து வைத்தேன்.

கவிதா அத்தை: இல்லை ரமா. படத்தைப் பெரிதாக்கிப் பார். காம்பிலிருந்து நுனி வரை மூன்று நரம்பு நீளமாக ஓடுகிறது. லாரலுக்கு நடுவில் ஒன்றுதான், மற்றவை பக்கவாட்டில் பிரியும். இது பட்டை மரத்துக்குச் சொந்தம். கிள்ளி மோந்து பார், பட்டை வாசம் வரும். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஒன்றுவிட்ட அக்கா தங்கை மாதிரி.

குமார் மாமா: அவர்கள் அக்காவைத் தலையில் வைத்தார்கள், நாம் தங்கையைத் தட்டோரம் ஒதுக்குகிறோம்.

தீபா: தமிழ்ச் சொல் இன்னும் வரவில்லை 🙄

பெரியப்பா: வாகை சூடியவர்.

தீபா: அது தேர்தல் முடிவு வந்தால் பேப்பரில் போடுவதில்லையா?

பெரியப்பா: அவர்கள் போட்டுப் போட்டே தேய்த்துவிட்டார்கள். வாகைப் பூ போரில் வென்றவர் சூடியதுதான். ஆனால் தொல்காப்பியர் வாகைத் திணையைப் போர்க்களத்தோடு நிறுத்தவில்லை. அவரவர் தம் துறையில் மேம்பட்டு நின்றாலே வாகைதான். மூன்று காலமும் உணர்ந்த அறிவனுக்கும் அதில் இடம் உண்டு. ராமனை அங்கே தாராளமாக உட்கார வைக்கலாம்.

கவிதா அத்தை: பூவும் அழகு தீபா. பவுடர் பஃப் மாதிரி மெத்தென்று இருக்கும். காய் காய்ந்தால் காற்றில் கலகலவென்று சத்தம் போடும்.

தீபா: அப்போ “1930-இல் வாகை சூடினார்” என்று ஆரம்பிக்கிறேன்.

பெரியப்பா: அவர் அண்ணன் மகன் சந்திரசேகரையும் சேர்த்துக்கொள், 1983. இரண்டு பேரும் மெரினா எதிரே மாநிலக் கல்லூரியில் படித்தவர்கள்.

குமார் மாமா: சித்தப்பாவுக்கும் பையனுக்கும் நோபல். நம் வீட்டில் சித்தப்பாவும் பையனும் ஒரே ரிமோட்டுக்குச் சண்டை.

தீபா: சித்தி, ஒரு இலை எடுத்து வையுங்களேன், நோட்டில் ஒட்ட வேண்டும்.

ரமா சித்தி: எல்லாம் குக்கருக்குள் போயாச்சு. சாப்பிடும்போது கழுவித் தருகிறேன்.