புரொஜெக்டரை எங்கே மாட்டுவது? மின்விசிறி குறுக்கே நிற்கிறது

நண்பர்களுக்கு வணக்கம். மாடி அறையை வீட்டுத் திரையரங்காக மாற்றிக்கொண்டிருக்கிறோம். நீளம் 14 அடி, அகலம் 10 அடி. மூலைக்கு மூலை 100 அங்குலத் திரை. ஏறக்குறைய 7¼ அடி அகலம். புரொஜெக்டரின் த்ரோ விகிதம் (திரையிலிருந்து உள்ள தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தால் வருவது) 1.5 முதல் 1.65 வரை. கணக்குப்படி அது திரையிலிருந்து 11 முதல் 12 அடிக்குள் இருக்க வேண்டும்.

சிக்கல் இதுதான்: அறையின் நடுவில் மின்விசிறி. கூரையை ஒட்டி மாட்டினால் ஒளி இறக்கைகளில் வெட்டுப்படுகிறது. பின்சுவரில் பலகை அடித்து வைத்தால் தூரம் 13 அடி ஆகிவிடுகிறது; எவ்வளவு சுருக்கினாலும் படம் திரைக்கு வெளியே வழிகிறது. லென்ஸை நகர்த்தும் வசதியும் இதில் இல்லை. நேற்று மேசைமேல் வைத்துச் சாய்த்து, கீஸ்டோனால் (கோணலான படத்தை நேராக்கும் வசதி) சரிசெய்து பார்த்தேன். துணைத்தலைப்பில் 'ணை', 'ழு' எல்லாம் ஓரம் மங்கி, மையில் நனைந்தவை போலத் தெரிந்தன. அம்மாவுக்கு அந்த எழுத்துகள் தெளிவாகத் தெரிய வேண்டும். அவருக்காகத்தான் இந்த ஏற்பாடே.

இரண்டடிக் குழாயில் தாழ்த்தித் தொங்கவிட்டவர்கள் இருக்கிறீர்களா? விசிறி ஓடும்போது படம் அதிர்கிறதா? அல்லது விசிறியைக் கழற்றிவிட்டுச் சுவர் விசிறிக்கு மாறுவதே நல்லதா? கூரையில் துளையிட ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார். அதற்குள் அனுபவமுள்ளவர்கள் வழிசொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.