வளவு வீட்டுக் கதையில் மீறிய உறவு: தண்டனைக் கதை ஆகாமல் எழுதுவது எப்படி?

ரஸ்தா_எழுத்தாளர்:
ரென்பையில் (விஷுவல் நாவல் செய்யும் மென்பொருள்) பெரியவர்களுக்கான விஷுவல் நாவல், அதாவது ஆடுபவர் தேர்வுகளால் நகரும் படக்கதை ஆட்டம், எழுதுகிறேன். களம் 1942, செட்டிநாட்டில் ஒரு வளவு வீடு (கூட்டுக் குடும்பம் வாழும் பெரிய வீடு). கணவன் கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) ரங்கூன் போனவன், கடிதம் நின்றுவிட்டது. மனைவிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் நெருக்கம். ‘அன்பு’ பாயிண்ட் 10 தாண்டினால் உறவு, முடிவில் அவமானம். ஆடிப் பார்த்தவர்கள் ‘தண்டனை ரூட்’ என்கிறார்கள். எங்கே திருத்தலாம்?

முகப்புத்தூண்:
கோளாறு அந்த ஒற்றை பாயிண்டில்தான். அது ஏறினால் தப்பு, ஏறாவிட்டால் பத்தினி என்று ஆட்டமே தீர்ப்பு சொல்லிவிடுகிறது. மூன்றாகப் பிரியுங்கள்: அவள் ஆசை, கணவன் உயிரோடிருக்கிறான் என்ற நம்பிக்கை, வீட்டில் யாருக்கு என்ன தெரியும். மூன்றாவதற்கு எண் வேண்டாம், ஆளுக்கொரு ஃப்ளாக் (தெரியும்/தெரியாது என்ற குறி). முடிவு இந்த மூன்றும் சேர்ந்து வரட்டும். எல்லாவற்றையும் ரென்பையின் டிஃபால்ட் (default) கட்டளையில் அறிவியுங்கள். டிஃபைன் (define) கட்டளை மாறாத மதிப்புக்கு, அதில் வைத்து மாற்றினால் சேவ் சரியாகப் பதியாது.

இன்னொன்று: கணவனுக்கும் அங்கே ஒரு குடும்பம் என்று பாதியில் திறந்துவிடாதீர்கள். பலரும் செய்வது அதைத்தான். இவளுக்கு நியாயம் கிடைத்துவிடும், ஆடுபவரின் தவிப்பு அங்கேயே செத்துவிடும்.

கானாடுகாத்தான்_ஆச்சி:
தம்பி, மாடியில் இரகசியச் சந்திப்பு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். வளவில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, அடுப்பும் தனி. ஒருத்தி உலையில் ஒரு பிடி அரிசி கூடினால் அடுத்த அடுப்புக்காரிக்குத் தெரியும். கணக்கப்பிள்ளை முகப்பைத் தாண்டி உள்ளே கால் வைத்தாலே அது செய்தி. உங்கள் ‘யாருக்குத் தெரியும்’ ஃப்ளாக்குகள் அங்கிருந்தே பிறக்கும்.

கணவன் எந்த வருஷம் ரங்கூன் போனான் என்பதையும் யோசித்து வையுங்கள். கொண்டுவிக்கப் போனால் தவணை 3 வருஷம். 1940-ல் போனவன் என்றால் அவள் இன்னும் காத்திருக்க வேண்டிய காலத்துக்குள் இருக்கிறாள். 1938 என்றால் தவணை கடந்துவிட்டது. அதே செயலின் கனமே வேறு. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போனது. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் இரண்டு பேர் வரட்டும்: ஒருவர் ‘பார்த்தேன்’ என்கட்டும், மற்றவர் ‘செத்துப் போயிட்டான்’ என்கட்டும். எது உண்மை என்று கடைசிவரை சொல்லாதீர்கள்.

ரோல்பேக்_ராசா:
ஆச்சி சொன்ன அந்த இரண்டு சாட்சிகளில் யாரை நம்புவது என்ற மெனு முடிந்ததும் பிளாக்_ரோல்பேக் (ஆடுபவர் பின்னால் போவதைத் தடுக்கும் கட்டளை) போடுங்கள். இல்லையென்றால் பின்னால் போய் இரண்டையும் பார்த்துவிட்டு வசதியானதை எடுப்பார்கள். வேறெங்கும் போடாதீர்கள், எரிச்சலாகும். பழைய சேவ் ஃபைலைத் திறப்பவரை அது தடுக்கவும் செய்யாது. கேம் பக்கத்தில் 18+ உடன், துரோகக் காட்சி தவிர்க்கக்கூடியதா இல்லையா என்றும் முதலிலேயே எழுதிவிடுங்கள். இந்த வகை ஆட்டங்களில் சண்டை பெரும்பாலும் அங்கேதான் கிளம்புகிறது.