தனுஷ்கோடி ஒரே இரவில் போனது. அப்படியானால் நிலம் மெதுவாக மாறுகிறது என்பது தவறா?

கேள்வி (பாம்பன், அறிவியல் ஆசிரியை):
நிலத்தின் மாற்றங்கள் மிக மெதுவாக நிகழ்பவை என்று வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி எழுந்து, "எங்க தாத்தா இருந்த தனுஷ்கோடி ஒரே ராத்திரியில போயிடுச்சே, டீச்சர்" என்றாள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரும், அதை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலும் அழிந்ததை இங்கு அறியாதவர் இல்லை. பேரழிவுகளே பூமியை உருவாக்கின என்ற பழைய கொள்கையை அறிவியல் ஒதுக்கியது சரிதானா?

முதல் பதில்:
பாதிதான் சரி. பாறை அடுக்குகளில் உயிரினங்கள் திடீரென மறைவதைக் கண்ட பிரெஞ்சு இயற்கையியலாளர் குவியே பேரழிவுகளைக் காரணம் காட்டினார். அதை மறுத்து 1830இல் எழுதத் தொடங்கிய பிரிட்டிஷ் நிலவியலாளர் லயல், இரண்டு கூற்றுகளை ஒன்றாகக் கட்டிவிட்டார். இன்றைய இயற்கை விதிகளே அன்றும் இயங்கின என்பது ஒன்று. இன்றைய வேகத்திலேயே இயங்கின என்பது மற்றொன்று. முதலாவது நிலைத்தது, இரண்டாவது நிலைக்கவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வறண்ட பாறைப் பள்ளத்தாக்குகளை ஒரு மாபெரும் வெள்ளமே குடைந்தது என்று 1923இல் நிலவியலாளர் பிரெட்ஸ் எழுதியபோது, இது பைபிளில் வரும் நோவா காலத்துக் கதை என்பதுபோல் ஒதுக்கினார்கள். பனிப்பாறை அணை உடைந்து வடிந்த ஏரியே அவ்வெள்ளத்தின் மூலம் என்று பின்னர் தெளிவானது. 1979இல் அவருக்கு நிலவியலின் உயரிய விருதான பென்ரோஸ் பதக்கம் கிடைத்தபோது வயது 96. (அத்தனை நாள் உயிரோடு இருந்ததே பெரிது.) டைனோசர்களின் முடிவை விண்கல்லோடு இணைத்த 1980ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பிறகு, பேரழிவு என்ற சொல்லுக்கு யாரும் கூசுவதில்லை.

இரண்டாம் பதில்:
மேலே சொன்னது சரியே. ஆனால் மாணவியின் கேள்விக்கு அது விடையாகாது. புயல் அழித்தது ஊரை. அரிச்சல்முனை வரை நீளும் மணல் முனை இன்றும் இருக்கிறது. வாடைக்காற்றும், தென்மேற்கிலிருந்து வரும் கச்சான்காற்றும் ஆண்டுதோறும் மாறிமாறி மணலைத் தள்ளுவதால் தீடைகள் (கடலில் எழும் மணல் திட்டுகள்) இடம் மாறுகின்றன, அவ்வளவே. ராமேசுவரம் தீவில் கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் பவளப்பாறையோ, சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் கடல் சற்று உயர்ந்திருந்தபோது வளர்ந்தது. அதற்கும் வெகுமுன்னர், 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக் நீரிணை அப்போது நிலம், இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருகி ஏறிய கடல் சராசரியாக ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் ஏறியது என்றாலும், சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன் சில நூற்றாண்டுகளுக்குள்ளேயே பதினைந்து மீட்டருக்கு மேல் தாவியது. ஆகவே மெதுவா, திடீரா என்று கேட்பதைவிட, எந்த மாற்றம், எத்தனை ஆண்டுக் கணக்கில் என்று கேட்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
நன்றி. நீர் வற்றும் நேரத்தில் பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்தப் பாறையைக் காட்டுகிறேன்.

இரண்டாம் பதிலை எழுதியவர்:
காட்டுங்கள். யாரும் ஒரு துண்டைக்கூடப் பெயர்த்துப் பையில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பவளத்தை எடுப்பது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.