மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கான நீரிழிவு மருந்து ஆய்வுகள்: விவரம் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்த என் தாய்மாமாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டுள்ளது. உடல் அவ்வுறுப்பை நிராகரிக்காமல் இருக்கத் தரப்படும் டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு ஆகிய இரண்டுமே இரத்தச் சர்க்கரையை உயர்த்தக்கூடியவை என்பதால், பழைய நோய் புதிய சிறுநீரகத்தையும் தாக்குமோ என்னும் கவலை எங்களுக்கு இருக்கிறது.

2019-இல் வெளியான கிரெடென்ஸ் ஆய்வில் கனாகிளிஃப்ளோசின் என்னும் நீரிழிவு மருந்தும், 2020-இல் வெளியான டாபா-சிகேடி ஆய்வில் அதே வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசினும் சிறுநீரகப் பாதிப்பு முற்றுவதைக் குறைத்தன. ஆனால் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் அவ்விரண்டிலும் சேர்க்கப்படவில்லை. இம்மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை; நோய் எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்ட உடலில் அது தொற்றுக்கு இடமளிக்குமா என்ற தயக்கம் நியாயமானதே. இருப்பினும், மிகுதியாகத் தேவைப்படுவோரையே விட்டுவிட்டு ஆராய்வது எனக்குச் சற்று விந்தையாகப் படுகிறது.

இத்தகையோரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளை அறிந்தவர்கள், குறிப்பாகச் சிறுநீரக மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும், கட்டுரைத் தலைப்பையும் ஆண்டையும் தெரிவித்து உதவுமாறு வேண்டுகிறேன். அறுவைக்குப் பின் எத்தனை மாதங்கள் கழித்து மருந்து தொடங்கப்பட்டது, சிறுநீர்த் தொற்று எவ்வளவு காணப்பட்டது என்பவையே எனக்கு முதன்மையாகத் தேவைப்படும் விவரங்கள். மருந்தைப் பற்றிய முடிவை மாமாவின் மருத்துவரே எடுப்பார். அடுத்த சந்திப்பில் அவரிடம் தெளிவாகக் கேட்பதற்காகவே இவற்றைத் திரட்டுகிறேன்.