புதுப்பிப்பு: கைபேசியில் எடுத்த நூல் முன்னோட்டம்

என் சிறுகதைத் தொகுப்புக்கு முன்னோட்டக் காணொளி எடுக்க ஸ்டுடியோ ஒன்று கேட்ட தொகை கட்டுப்படியாகவில்லை. கைபேசியே போதுமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். போதும். ஆனால் முட்டம் கடற்கரைக் காற்றைப் பற்றி நீங்கள் யாரும் எச்சரிக்கவில்லையே!

பாறை மேல் நின்று நான் வாசித்த ஒரு பக்கத்தில் 'கடல்' என்ற சொல்கூடக் கேட்கவில்லை, வெறும் இரைச்சல். கடைசியில் வீட்டில் மின்விசிறியை நிறுத்தி, போர்வைக்குள் வியர்த்தபடி குரலைத் தனியாகப் பதிவு செய்து, முட்டத்துக் காட்சிகளோடு சேர்த்தேன். பலரும் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள் என்பதால் வரிகளைத் திரையிலும் பெரிதாக எழுதினேன். கைபேசிக்கேற்ற 9:16 நெடுக்குச் சட்டகம்.

மாத்தூர் தொட்டிப்பாலத்திலும் ஒரு முழு நாள் எடுத்தேன். 115 அடி உயரத்திலிருந்து பறளியாறு அழகோ அழகு. கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, வெட்டிவிட்டேன். இன்னும் வலிக்கிறது.

முதல் வடிவம் இரண்டு நிமிடம் ஓடியது. பார்த்த அத்தை, "மக்களே, கதை முழுவதையும் சொல்லிவிட்டாயே, பிறகு எதற்குப் புத்தகம்?" என்றார். 40 நொடியாகக் குறைத்தேன். இப்போது வலை இழுக்கும் கைகள், ஒரு கேள்வி, அட்டைப்படம், கிடைக்குமிடம். அவ்வளவுதான்.

திரைப்பாடல் வேண்டாம், உரிமைச் சிக்கல் வரும் என்று சொன்னவருக்கு நன்றி. அலையோசையை மட்டும் வைத்தேன். அதுவும் அதிகாலையில், காற்று எழும் முன் பதிவு செய்தது.