என்எஸ்-3 செய்மதி சிமுலேஷன்: தாமதம் அசையவே இல்லை

கல்முனைப் பொடியன்:
இறுதியாண்டு புரோஜெக்டுக்கு ஸ்டார்லிங்க் இணையச் செய்மதிகளின் முதல் அடுக்கை என்எஸ்-3 என்ற வலையமைப்பு சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டிப் பார்க்கிறேன். 550 கி.மீ. உயரம், நிலநடுக்கோட்டுக்கு 53 பாகைச் சாய்வு, 72 தளம், தளத்துக்கு 22 வீதம் 1584 செய்மதிகள். முழுவதையும் ஓடவிட்டால் என் 8 ஜிபி லெப்டொப் விடியும்வரை மூச்சு வாங்குகிறது. அதனால் ஒரு செய்மதி, என் டிஷ், அதன் பக்கத்திலேயே ஒரு தரைநிலையம் என்று வைத்து ஓட்டினேன். போய்வரும் தாமதம் 7.3 மில்லிசெக்கன், கடைசிவரை ஒரே நேர்கோடு. சேர் பார்த்துவிட்டுச் சிரித்தார், காரணம் சொல்லவில்லை. எங்கே பிழை?

வாவிக்கரை டெக்னீஷியன்:
தம்பி, அவர் சிரித்தது அந்த நேர்கோட்டுக்கு. செய்மதியைத் தேங்காய் மாதிரித் தலைக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறீர்கள். டிஷ்ஷிலிருந்து மேலே, தரைநிலையத்துக்குக் கீழே, திரும்ப அதே வழி என்று ஒளி 550 கி.மீ.யை நாலு தரம் கடக்கும் நேரம்தான் உங்கள் 7.3.

நான் ஒரு வங்கிக் கிளையின் விசாட் டிஷ்ஷை, அதாவது செய்மதி வழித் தொடர்புக்கான சிறிய டிஷ்ஷை, பல வருடம் பார்த்தவன். அந்தச் செய்மதி 35,786 கி.மீ. உயரத்தில் ஒரே இடத்தில் நிற்கும். அங்கே கோடு நேராக வந்தால் சரி, ஆனால் போய்வர அரைச் செக்கனுக்குக் கிட்ட எடுக்கும். (கார்த்திகை மழையில் கோடே அறுந்துவிடும், அது வேறு கதை.) உங்களுடையது நிற்காது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுக்கும் தூரத்தை அது ஆறு செக்கனில் தாண்டிவிடும். அடிவானத்திலிருந்து 25 பாகைக்கு மேலே நின்றால்தான் தொடர்பு என்று வைத்தால், நேர் உச்சியால் போகும் செய்மதிகூட நாலு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் உங்கள் கையில் இருக்கும். அந்த ஓரத்தில் தூரம் 1120 கி.மீ. அளவு, தாமதமும் இரட்டிப்பு. அப்புறம் அடுத்ததுக்குக் கைமாற வேண்டும். ஆராய வேண்டியதே அந்தக் கைமாற்றத்தைத்தான்.

1584 ஐயும் என்எஸ்-3 இல் ஏற்ற வேண்டாம். வட்டப்பாதை என்று வைத்துப் பைத்தனில் நிலைகளைக் கணக்கிடுங்கள், பூமி சுழல்வதையும் சேருங்கள். ஊருக்கு மேல் தெரிபவற்றை மட்டும் செக்கனுக்குச் செக்கன் அட்டவணையாக்கி உள்ளே கொடுங்கள்.

ஏறாவூர்க்காரி:
ஹைபேஷியாவையும் பாருங்கள். செய்மதி வலையமைப்புகளுக்கான சிமுலேஷன் மென்பொருள், என்எஸ்-3 மேல் கட்டியது, 2020 இல் வெளியானது. அதன் உதாரணங்களில் இருப்பவை உலகின் பெரிய நகரங்கள், நம்ம ஊரை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். லண்டனுக்கு வந்த முடிவை இங்கே ஒட்டிவிடாதீர்கள். 53 பாகை அகலக்கோட்டுக்கு அருகில் பாதைகள் நெருங்கும், நம்முடைய 7.7 பாகையில் ஐதாகத்தான் இருக்கும்.

கல்முனைப் பொடியன்:
அண்ணன், சொன்னபடி செய்தேன். அட்டவணை வெறுமை! 24 மணித்தியாலத்தில் ஒரு செய்மதிகூட இல்லை. மட்டக்களப்பு 81.7, 7.7 என்றுதான் கொடுத்தேன்.

வாவிக்கரை டெக்னீஷியன்:
அகலக்கோடு முதலில், நெடுங்கோடு பிறகு, தம்பி. உங்கள் டிஷ் இப்போது வடதுருவக் கடலில் மிதக்கிறது. 53 பாகைச் செய்மதி அந்தப் பக்கம் எட்டியும் பார்க்காது.

கல்முனைப் பொடியன்:
மாற்றிவிட்டேன். கோடு இப்போது அலை மாதிரி ஏறி இறங்குகிறது, கைமாறும் இடங்களில் ஒரு குத்து. டிஷ் வடதுருவக் கடலில் மிதந்த கதையை மட்டும் நான் சேருக்குச் சொல்லப் போவதில்லை.